விற்ற கார் மறுவாரமே திம்பம் மலையில் நின்றுவிட்டது: பழுதுச் செலவை யார் ஏற்பது?

கேள்வி – பெருந்துறைவாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருந்த, 2011-ஆம் ஆண்டில் பதிவான சிறிய டீசல் காரை, கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த ஒரு தம்பிக்கு அண்மையில் 1,85,000 ரூபாய்க்கு விற்றேன். இடையில் புரோக்கரும் இல்லை, பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடையும் இல்லை. என் சகலை வழியாக வந்த அறிமுகம். வண்டியைப் பார்க்க வந்தபோது அவர் தமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். அந்த மெக்கானிக் என்ஜின் ஆறியிருந்த நிலையில் ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்து, ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து, விஜயமங்கலம் வரை ஓட்டிச் சென்று திரும்பிய பிறகுதான் விலை பேசினோம். ஏ.சி. மந்தமாக இருக்கிறது, பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் மாற்ற வேண்டி வரும் என்பதை நானே எடுத்துச் சொல்லி, அதற்காகப் பத்தாயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டேன். வாட்டர் பம்ப் மாற்றிய ரசீது உட்பட என்னிடம் இருந்த பட்டறை ரசீதுகள் அனைத்தையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தேன். "இருக்கும் நிலையிலேயே சோதித்துப் பார்த்து வாங்கிக்கொண்டேன்" என்று எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையொப்பம் இட்டோம். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் அதில் இருக்கின்றன.

அடுத்த வாரம் அவர் குடும்பத்துடன் பண்ணாரி அம்மன் கோயிலுக்குச் சென்று, அங்கிருந்து தாளவாடியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போவதற்காகத் திம்பம் மலைப்பாதையில் ஏறியிருக்கிறார். பாதி வளைவுகளைத் தாண்டிய இடத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியிருக்கிறது. நிறுத்தி, கையில் இருந்த குடிநீரை ஊற்றிக்கொண்டு மேலே ஓட்டியவர், உச்சியை அடைவதற்குள் இழுவை முற்றிலும் குறைந்து வண்டி நின்றுவிட்டதாகச் சொல்கிறார். பிறகு மீட்பு வண்டியில் ஏற்றிச் சத்தியமங்கலத்துக்குக் கொண்டுவந்து ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார்கள். ஹெட் கேஸ்கட் (என்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டும் வளைந்திருக்கலாம், எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் வரை ஆகும் என்று பட்டறையில் சொன்னார்களாம்.

இப்போது அந்தத் தம்பி, ஒன்று முழுச் செலவையும் நான் கொடுக்க வேண்டும், அல்லது வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும் என்கிறார். பெயர் மாற்றத்துக்காக நான் கையொப்பமிட்டுக் கொடுத்த ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டும் அவரிடமே இருக்கின்றன. இது முடியும் வரை பெயர் மாற்றம் செய்யப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். காவல் நிலையம் வரை போவேன் என்று அவருடைய அண்ணன் என் சகலையிடம் பேசியிருக்கிறார்.

என்னிடம் இருந்தவரை டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டியதே இல்லை. கோத்தகிரிக்கு ஏறியபோதும் தாண்டவில்லை. தெரிந்த குறையை மறைத்து விற்றவன் என்ற பெயர் எனக்கு வரக்கூடாது என்று நினைக்கிறேன். அதே நேரத்தில், முதன்முதலாகக் குடும்பத்துக்கென்று ஒரு கார் வாங்கியவர் மலைப்பாதையில் குழந்தைகளுடன் நின்றதை எண்ணும்போது வருத்தமாகவும் இருக்கிறது. சட்டப்படி நான் என்ன செய்ய வேண்டியவன், சட்டத்துக்கு அப்பால் எது நியாயம், பெயர் மாற்றம் ஆகாமல் கிடப்பதைத் தீர்க்க என்ன வழி என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – கணபதி லேத் பட்டறை

வணக்கம் ஐயா. கோவை கணபதியில் சிலிண்டர் ஹெட் வேலைகளை முதன்மையாகச் செய்யும் பட்டறை எங்களுடையது. பணத்தை யார் கொடுப்பது என்ற பேச்சை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். எது முதலில் கெட்டது என்று தெரியாமல் நீங்கள் இருவரும் பேசுவது வீண். ஹெட் கேஸ்கட் போனது கடைசியில் நடந்தது. அதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது.

விஜயமங்கலம் வரை ஓட்டிப் பார்த்த மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மின்விசிறி ஓடாவிட்டாலும், ரேடியேட்டர் குழல்களில் ஒரு பகுதி அடைபட்டிருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் கதை வேறு. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும், ஆள் நிறைந்த வண்டியை, முன்னால் கரும்பு லாரி ஊர்ந்துகொண்டிருக்க ஏற்றும்போது என்ஜின் உச்சச் சூட்டில் இருக்கும். வேகம் இல்லாததால் காற்றோ வராது. கூலிங் அமைப்பில் எந்த இடம் பலவீனமோ அந்த இடம் அங்கேதான் விட்டுக்கொடுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கிறது. ஒரு ஹோஸில் (ரப்பர் குழாயில்) கீறல் விழுந்து அழுத்தம் போய்விட்டால், 100 டிகிரியைத் தாண்டிய நீர் அந்தக் கணமே ஆவியாகிப் பீறிட்டு வெளியேறும். நீர் முழுவதும் போன பிறகு நடப்பதுதான் ஆபத்தானது: சென்சார் நீரில் மூழ்கியிருக்காது, ஆகவே முள் கீழே இறங்கிவிடும். ஓட்டுபவர், வண்டி ஆறிவிட்டது என்று நம்பி மேலே ஓட்டுவார். அலுமினிய ஹெட் வளைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கொதித்த என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழுவதும் உண்டு. ஆகவே ஆவி கிளம்பியபின் எவ்வளவு தூரம் ஓட்டினார், முள் எங்கே இருந்தது, எத்தனை நேரம் ஆறவிட்டு நீர் ஊற்றினார் என்பதை அவரிடம் சண்டைக்காக அல்லாமல், பழுதைப் புரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள்.

பழைய கசிவா, புதிய சேதமா என்பதை ஹெட்டைக் கழற்றியதும் கண்ணாலேயே பார்க்கலாம். கேஸ்கட் பல மாதங்களாகக் கசிந்திருந்தால், சிலிண்டர் வாயிலிருந்து நீர்த்துளை வரை கருகிய ஒரு தடம் அரித்த கோடாகத் தெரியும். நீர் கசிந்துகொண்டிருந்த சிலிண்டரின் பிஸ்டன் தலை மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருக்கும், மற்றவை கரி படிந்து கறுத்திருக்கும். ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற படிவு இருக்கும். இவை எதுவும் இல்லாமல், எல்லாப் பிஸ்டன்களும் ஒரே கறுப்பாக இருந்து, கேஸ்கட் ஓரிடத்தில் மட்டும் புதிதாகப் பிளந்திருந்தால், அன்றைய சூட்டில் போனது என்று துணிந்து சொல்லலாம். நீர்வழிகளில் வெள்ளைப் படிவு கனத்திருந்தால், ரேடியேட்டருக்கு உரிய திரவமான கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்று பொருள். நம் பகுதி ஆழ்குழாய் நீரில் இருக்கும் உப்புக்கு, ரேடியேட்டர் நீண்ட காலம் தாங்காது.

ஹெட்டைத் திறக்கும் நாளில் நீங்களும் அவரும் சேர்ந்தே பட்டறையில் இருங்கள். பழைய கேஸ்கட், ஹோஸ்கள், கிளிப்கள், ரேடியேட்டர் மூடி எதையும் தூக்கி எறிய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் – ஈரோடு வழக்கறிஞர்

ஐயா, உங்கள் மூன்று கேள்விகளில் அவசரமானது பெயர் மாற்றம். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இவை தனித்தனிக் கடமைகள். ஃபாரம்களில் கையொப்பமிட்டு வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டதால் உங்கள் கடமை முடிந்துவிடாது. அவர் தாக்கல் செய்யும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. ஃபாரம் 29-ஐப் புதிதாக நிரப்பி, ஆர்.சி. நகலையும் டெலிவரி நோட்டின் நகலையும் இணைத்து, அவர் வசிக்கும் எல்லைக்கு உரிய கோபி அலுவலகத்துக்கு ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ஒரு பிரதியை அவருக்கும் அனுப்ப வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. கெடு தாண்டியிருந்தாலும் இன்றைக்கே அனுப்புங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே அச்சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. அந்தக் கார் ஒருவர் விற்று, பிறகு பலர் கை மாறியிருந்தது. ஆனால் பெயர் மாற்றப்படவே இல்லை. விபத்து நடந்தபோது, இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் இருந்த முதல் உரிமையாளர் மீதே நின்றது. உங்கள் வண்டி பட்டறையில் நிற்பதால் இன்று ஆபத்து இல்லை. பழுது நீங்கிச் சாலைக்கு வரும் நாளில், பெயர் உங்களுடையதாகவே இருந்தால், விபத்து நேர்ந்தாலும் அபராதம் விழுந்தாலும் அறிவிப்பு உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 38,000 ரூபாயைப் பற்றிய கவலையைவிட இது பல மடங்கு பெரியது.

இனி, பழுதுச் செலவு. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி, விற்ற பொருளின் தரத்துக்கு விற்றவர் மறைமுக உத்தரவாதம் தந்ததாகப் பொதுவாகக் கொள்வதில்லை. அந்தப் பிரிவில் உள்ள முக்கிய விதிவிலக்குகள், அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றியவை. சொந்த உபயோகத்தில் இருந்த ஒரு வண்டியை விற்ற தனிநபர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். உங்கள் விஷயத்தில் வாங்கியவர் தம்முடைய மெக்கானிக்கையும் வைத்துச் சோதித்திருக்கிறார். மேலும், உரிமை கைமாறியதும் பொருளின் இழப்பும் சேதமும் வாங்கியவரைச் சேரும் என்பது அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு.

ஆனால், "இருக்கும் நிலையிலேயே" என்ற சொல் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில், அறிந்த ஒன்றை முனைந்து மறைப்பது மோசடி. கசியும் ரேடியேட்டரில் அடைப்புப் பொடியைக் கொட்டிவிட்டு விற்பது, எச்சரிக்கை விளக்கின் கம்பியைத் துண்டித்துவிட்டு விற்பது போன்றவற்றை எந்த டெலிவரி நோட்டும் காப்பாற்றாது. அப்படி நடந்திருந்தால் 19-ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம்; வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பதற்கு அடிப்படை அதுதான். நீங்கள் சொல்லும் தகவல்களில் அப்படி எதுவும் இல்லை. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் ஏமாற்றுக் குற்றம் நிலைபெற வேண்டுமானால், பேரம் நடந்தபோதே வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் ரசீதுகளும், குறைகளைச் சொல்லி விலை குறைத்ததும் அதற்கு எதிரான சாட்சிகள். காவல் நிலையம் என்ற பேச்சுக்கு அஞ்ச வேண்டாம். அதற்காகக் கோபப்படவும் வேண்டாம்.

பட்டறைக்காரர் சொன்னபடி, ஹெட்டைத் திறக்கும்போது உடன் இருங்கள். சட்டப்படியும் அது உங்களுக்கு நல்ல சான்று.

பதில் – தாராபுரம் ஆசிரியை

மேலே எழுதியவர்கள் இருவரும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் வாங்கியவர் பக்கத்திலிருந்து ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

1,85,000 ரூபாய்க்குக் கார் வாங்குபவர், பெரும்பாலும் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டவராகத்தான் இருப்பார். 38,000 என்பது அந்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு. மெக்கானிக்கை அழைத்து வந்து பார்த்தார் என்பது உண்மைதான். ஆனால் அரைமணி நேரச் சோதனையில் ஒரு ஹோஸின் உட்புறத்தையோ ரேடியேட்டரின் உட்புறத்தையோ யாராலும் பார்க்க முடியாது என்பதைப் பட்டறைக்காரரே எழுதியிருக்கிறார். பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் ஆன ரப்பர் குழாய் கைமாறிய வாரத்தில் வெடித்தால், அதன் தேய்மானத்தில் மிகப் பெரும்பகுதி விற்றவர் பயன்படுத்திய காலத்தில் நடந்தது அல்லவா? நீங்கள் மறைக்கவில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் மறைக்காமல் இருப்பதும், தேய்மானத்தில் பங்கு இல்லாமல் இருப்பதும் ஒன்றாகாது.

நான் இதைக் கன்சல்டிங் கடைகளுக்காகச் சொல்லவில்லை. அங்கே நிலைமை வேறு. எனக்கு ஒரு கடையில் விற்ற காரின் கியர் பாக்ஸ் சில வாரங்களில் போனபோது, கடைக்காரர் இதே "இருக்கும் நிலை" என்ற வரியைத்தான் காட்டினார். பழைய வண்டி விற்பதையே தொழிலாகச் செய்பவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருவார் என்பதால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாரித்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும். மனுவின் நகலைப் பார்த்த பிறகு கடைக்காரர் கியர் பாக்ஸ் செலவை ஏற்றுக்கொண்டார். அந்தத் தம்பிக்கு உங்கள் மீது இப்படி ஒரு வழி இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே பிடி, பெயர் மாற்றத்தை நிறுத்தி வைப்பதுதான். அது தவறான பிடி என்றாலும், வேறு வழி தெரியாமல் பிடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

என் கருத்து: காரணம் தேய்மானம் என்று தெரிந்தால் ஒரு பங்கைக் கொடுங்கள். ஓட்டியதால் கூடிய சேதம் என்று தெரிந்தால் அந்தப் பங்கை அவர் ஏற்கட்டும். உங்கள் சகலை இரு வீட்டுக்கும் வேண்டியவர். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல் அவரை வைத்து நேரில் உட்கார்ந்து பேசுங்கள்.

பதில் – ஈரோடு வழக்கறிஞர்

ஆசிரியை அம்மையாரின் கருத்தை நான் மறுக்கவில்லை. கொடுப்பதாக முடிவு செய்தால், கொடுக்கும் முறையில் மட்டும் கவனமாக இருங்கள். சட்டப் பொறுப்பை ஏற்காமல் நல்லெண்ணத்தின் பேரில் தரும் தொகை என்றும், இந்த விற்பனை தொடர்பாக இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் ஒரு தாளில் எழுதி, இருவரும் சாட்சிகளுடன் கையொப்பமிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தைத் தாக்கல் செய்து ஒப்புகைச் சீட்டைப் பெற்ற அன்றைக்கே தொகையைக் கொடுப்பதாக அந்தத் தாளிலேயே எழுதுவது நல்லது. இரண்டையும் பிரித்து வைத்தால் மறுபடியும் இழுபறி வரும்.

பதில் – பெருந்துறைவாசி

அனைவருக்கும் நன்றி. ஃபாரம் 29-ஐ அன்றைக்கே கோபி அலுவலகத்துக்கும் அந்தத் தம்பிக்கும் அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன்பு அவரைத் தொலைபேசியில் அழைத்து, இது உங்களை மிரட்டுவதற்காக அல்ல, சட்டம் எனக்கு விதித்த கடமை என்று சொன்னேன். அதனால் அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்றுச் சத்தியமங்கலம் பட்டறையில் நாங்கள் இருவரும், அவருடைய தந்தையாரும், என் சகலையும் இருக்கும்போதே ஹெட்டைக் கழற்றினார்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை மெக்கானிக் கையில் எடுத்துக் காட்டினார். வெளியே பார்த்தால் கறுப்பாக, நல்ல குழாயாகவே இருந்தது. கிளிப்பைத் தளர்த்தி நகர்த்தியதும், கிளிப்பின் விளிம்பு பதிந்த இடத்தில் அடிப்பக்கமாக, ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிளவின் உதடுகளை அழுத்தினால் உள்ளே நூல் இழைகள் தெரிந்தன. பிஸ்டன்கள் நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தன. கேஸ்கட் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே பிளந்திருந்தது. அரித்த தடம் எதுவும் இல்லை. நீர்வழிகளில் படிவும் இல்லை. நேரான உலோகப் பட்டையை வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் அளந்தபோது ஹெட்டில் 0.18 மி.மீ. வளைவு இருந்தது.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூடு காலியாக இருந்தது. வாட்டர் பம்ப் மாற்றிய பட்டறையில் கழற்றியிருக்க வேண்டும். ரசீதில் அதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை, என்னிடமும் சொல்லவில்லை. அதுதான் காரணமோ என்று அந்தத் தம்பி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கணபதிப் பட்டறை நண்பர் விளக்க வேண்டும்.

முள்ளைப் பற்றி நண்பர் எழுதியிருந்தது அப்படியே நடந்திருக்கிறது. ஆவி வந்ததும் நிறுத்தி, ஒரு லிட்டர் நீரை ஊற்றி, முள் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்து, இனி ஒன்றும் இல்லை என்று நினைத்து ஓட்டியிருக்கிறார். மாலை ஆகிக்கொண்டிருந்ததாலும், அந்தப் பாதை இரவில் மூடப்படும் என்பதாலும் பதற்றத்தில் இருந்திருக்கிறார். யானைகள் நடமாடும் காட்டில் குழந்தைகளுடன் நின்ற ஒருவர் வேறு எப்படி முடிவெடுப்பார் என்று அவருடைய தந்தையார் கேட்டார். அதற்கு மறுப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் – கணபதி லேத் பட்டறை

தெளிவாக எழுதியதற்கு நன்றி ஐயா. தெர்மோஸ்டாட் இல்லாதது இந்தப் பழுதுக்குக் காரணம் இல்லை. அது ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும் ஒரு வால்வு. நம் ஊரில் பல பட்டறைகளில், வெயில் நாடுதானே, எதற்கு என்று கழற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. அதனால் என்ஜின் சூடேறுவதற்கு நேரம் பிடிக்கும், டீசல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். ஆனால் ஹோஸ் பிளக்காது. இப்போது ஹெட் வெளியே இருக்கும்போதே புதியதைப் பொருத்திவிடச் சொல்லுங்கள். அதன் விலை மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால், ஹோஸ் வயதால் போனது. கேஸ்கட்டும் ஹெட்டும் நீர் இல்லாமல் ஓடியதால் போயின. ஹோஸ் பிளந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; முள் இறங்கினால் ஆறிவிட்டது என்று நம்புவது அனுபவம் உள்ள ஓட்டுநர்களுக்கும் நேர்கிறது.

வேலையைப் பற்றிச் சில சொற்கள். பல என்ஜின்களில் 0.05 முதல் 0.10 மி.மீ. வளைவு வரைதான் அனுமதி என்பதால், 0.18 என்றால் ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) செய்தே ஆக வேண்டும். டீசல் ஹெட்டில் தேவைக்கு மேல் ஒரு நூல் கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் கம்ப்ரஷன் மாறும், வால்வு பிஸ்டனை நெருங்கும். ஃபேஸிங்குக்கு முன் விரிசல் சோதனையும் அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றியிருப்பதால் இது கட்டாயம். டீசல் என்ஜின்களுக்கு ஒரே கேஸ்கட் பல தடிமன்களில் வரும். பழைய கேஸ்கட்டின் ஓரத்தில் இருக்கும் துளைகளையோ வெட்டுகளையோ எண்ணி, பிஸ்டன் எவ்வளவு மேலே நிற்கிறது என்று அளந்து, அதற்கு உரியதையே போட வேண்டும். ஹெட் போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள். ஒருமுறை இழுத்து முறுக்கியவை மறுமுறை அதே பிடியைத் தருவதில்லை. ஹோஸ் ஒன்று போய்விட்டதால் மற்றவையும் அதே வயதுதான். கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ்கள், ரேடியேட்டர் மூடி அனைத்தையும் மாற்றுங்கள். கடைசியில், பாதி கூலன்ட்டும் பாதி டிஸ்டில்டு வாட்டரும் கலந்து நிரப்பி, காற்றுக் குமிழ்களை முழுவதும் வெளியேற்றிய பிறகு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

பதில் – பெருந்துறைவாசி

இந்த விளக்கத்தை அந்தத் தம்பிக்கும் அனுப்பினேன். நேற்று மாலை என் சகலை வீட்டில் உட்கார்ந்து பேசினோம். ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், கேஸ்கட், லேத் வேலை ஆகியவற்றின் செலவாக 14,000 ரூபாயை நான் தருவதாகவும், போல்ட்டுகள், கூலன்ட், கூலி, மீட்பு வண்டி வாடகை ஆகியவற்றை அவர் ஏற்பதாகவும் முடிவாயிற்று. ஹெட்டில் விரிசல் இல்லை என்பதால் மொத்தச் செலவும் முதலில் சொன்ன 38,000-ஐ எட்டாது. வழக்கறிஞர் சொன்ன வாசகங்களை அப்படியே எழுதி, அவருடைய தந்தையாரும் என் சகலையும் சாட்சிக் கையொப்பம் இட்டார்கள். திங்கட்கிழமை இருவரும் கோபி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சேர்ந்து போகிறோம்.

இன்னும் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. வண்டியின் இன்சூரன்ஸ் என் பெயரில் இன்னும் சில மாதங்களுக்கு நடப்பில் உள்ளது. பல ஆண்டுகளாக நான் எந்த இழப்பீடும் கோராததால் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 50 சதவீதம் இருக்கிறது. அது வண்டியோடு அவருக்குப் போய்விடுமா?

பதில் – ஈரோடு வழக்கறிஞர்

போகாது. நோ கிளெய்ம் போனஸ் காப்பீடு எடுத்தவருக்கு உரியது. வண்டிக்கு உரியது அல்ல. பெயர் மாற்ற ஒப்புகையின் நகலைக் கொடுத்து, காப்பீட்டு நிறுவனத்திடம் போனஸைத் தக்கவைத்துக்கொள்ளும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் நீங்கள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றும்போது, மீதமுள்ள மாதங்களுக்கான போனஸ் வித்தியாசத்தை அந்தத் தம்பி கட்ட வேண்டியிருக்கும். அதைத் திங்கட்கிழமைக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் மனத்தாங்கல் வரும்.

அவர் அந்த மாற்றத்துக்கு 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆவது பிரிவு சொல்கிறது. விற்பனை நாளிலிருந்தே மூன்றாம் நபர் காப்பீடு அவருக்கு மாறியதாகச் சட்டம் கருதிக்கொள்ளும். ஆனால் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால் பாலிசி அவர் பெயரில் இருந்தே ஆக வேண்டும். இயந்திரக் கோளாறு சாதாரணப் பாலிசியில் வராது என்பதால், இப்போதைய பழுதுக்கு அதில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று: 2011-ஆம் ஆண்டுப் பதிவு என்பதால் 2026-இல் 15 ஆண்டு நிறைகிறது. ஆர்.சி.யில் உள்ள செல்லுபடித் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே தகுதிச் சான்று பெற்று ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.